நான்காம் நிலை நுரையீரல் புற்றுநோய்க்கு வெறும் மாத்திரை போதுமா?

நீங்கள் எழுதியிருப்பதன் சுருக்கம் இது: புகைபிடிக்கும் பழக்கம் ஒருநாளும் இல்லாத உங்கள் தாயாருக்கு நுரையீரலில் அடினோகார்சினோமா வகைப் புற்றுநோய் நான்காம் நிலையில் கண்டறியப்பட்டிருக்கிறது. திசுவில் செய்த மரபணுப் பரிசோதனையில் ‘ஈஜிஎஃப்ஆர் எக்ஸான் 19 டெலிஷன்’ என்று வந்திருக்கிறது; பிடி-எல்1 (நோயெதிர்ப்பு அணுக்களிடமிருந்து தப்பக் கட்டி பயன்படுத்தும் ஒரு புரதம்) அளவு 60 சதவீதம். மருத்துவர் கீமோதெரபி கொடுக்காமல், ஓசிமெர்டினிப் என்ற மாத்திரையை நாளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். பிடி-எல்1 இவ்வளவு உயர்ந்திருக்கும்போது இம்யூனோதெரபி (உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலைக் கட்டிக்கு எதிராகத் தூண்டும் சிகிச்சை) கொடுக்காமல் விடுவது தவறு என்று உறவினர் ஒருவர் வற்புறுத்துகிறார். இவற்றோடு, மரபணு மாற்றம் என்பதால் உங்களுக்கும் உங்கள் தங்கைக்கும் இந்நோய் வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இத்தனைக்கும் அடியில் நீங்கள் நேரடியாகக் கேட்கத் தயங்கியது ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று முடிவுகட்டித்தான் மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்களா என்பது. அதற்கான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லை. இந்த உட்பிரிவில் மாத்திரைதான் கீமோதெரபியைவிட வலுவான சிகிச்சை. புற்றுநோய் மருத்துவம் பயின்று, நுரையீரல் புற்றுநோயாளிகளுக்குப் பல ஆண்டுகளாகச் சிகிச்சை அளித்து வருபவன் என்ற முறையில், இதில் எது உறுதி, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்பதைப் பிரித்துச் சொல்ல முயல்கிறேன். உங்கள் தாயாரின் ஸ்கேன் படங்களையோ உடல்நிலையையோ நான் பார்க்கவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஈஜிஎஃப்ஆர் என்பது உயிரணுவின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம். வெளியிலிருந்து வளர்ச்சிக் காரணி ஒன்று வந்து ஒட்டும்போது மட்டும், பெருகும்படி உயிரணுவுக்குள் சமிக்ஞை அனுப்புவது அதன் வேலை. உங்கள் தாயாரின் கட்டியில், அந்தப் புரதத்துக்கான மரபணுவின் 19ஆம் எக்ஸான் என்ற பகுதியில் ஒரு சிறு துண்டு விடுபட்டுப் போயிருக்கிறது. அதனால் எந்தத் தூண்டுதலும் இல்லாமலே அந்தச் சமிக்ஞை ஓயாமல் போய்க்கொண்டிருக்கிறது. கட்டியில் வேறு மரபணுக் கோளாறுகள் பல இருக்கலாம். ஆனாலும் அதன் உயிரணுக்கள் பிழைத்திருப்பது பெரும்பாலும் இந்த ஒரு சமிக்ஞையை நம்பித்தான். ஓசிமெர்டினிப் அந்தப் புரதத்தின் உட்பகுதியில், ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வந்து அமரவேண்டிய இடத்தில் போய்ப் பிணைந்துகொள்கிறது. சமிக்ஞை நின்றுபோகிறது, அதை நம்பியிருந்த உயிரணுக்களில் பெரும்பகுதி மடிகிறது. மாற்றமடையாத இயல்பான ஈஜிஎஃப்ஆர் புரதத்தை இது ஒப்பளவில் குறைவாகவே தொடுகிறது. பெருகும் உயிரணு எதுவானாலும் தாக்கும் கீமோதெரபிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இந்த அறிவு வந்த விதம் உங்கள் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடையது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஜெஃபிடினிப் என்ற முதல் தலைமுறை மாத்திரை வந்த புதிதில், யாருக்கு வேலை செய்யும் என்று தெரியாமலே அது கொடுக்கப்பட்டது. பெரும்பாலோருக்குப் பயனில்லை, சிலருக்கு மட்டும் கட்டி வியக்கத்தக்க வேகத்தில் சுருங்கியது. அந்தச் சிலரின் கட்டிகளில்தான் ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருந்தது என்பதை 2004இல் அமெரிக்காவின் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. பிறகு 2009இல் வெளியான ஐபாஸ் ஆய்வு, புகைப்பழக்கம் இல்லாத அல்லது மிகக் குறைவாக இருந்த கிழக்காசிய அடினோகார்சினோமா நோயாளிகளை எடுத்துக்கொண்டு, ஜெஃபிடினிப்பையும் கீமோதெரபியையும் ஒப்பிட்டது. மரபணு மாற்றம் இருந்தவர்களில், மாத்திரை எடுத்தவர்களுக்கு நோய் முன்னேறும் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மாற்றம் இல்லாதவர்களிலோ, அதே மாத்திரை எடுத்தவர்களுக்கு அந்த அபாயம் கீமோதெரபி எடுத்தவர்களைவிட மூன்று மடங்கை நெருங்கியது. வெளித்தோற்றத்திலும் பழக்கவழக்கத்திலும் இவ்விரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘புகைபிடிக்காத பெண், அதனால் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம்’ என்ற ஊகம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. உங்கள் மருத்துவர் ஊகிக்கவில்லை, அறிக்கையைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

இனி எண்கள். ஐரோப்பாவில் நடந்த ஒரு முக்கிய ஆய்வில், ஈஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ளவர்களுக்கு நோய் கட்டுக்குள் இருந்த இடைநிலைக் காலம் எர்லோடினிப் மாத்திரையில் 9.7 மாதங்கள், கீமோதெரபியில் 5.2 மாதங்கள். மூன்றாம் தலைமுறை மருந்தான ஓசிமெர்டினிப்பை இந்தப் பழைய மாத்திரைகளோடு ஒப்பிட்டது ஃப்ளாரா ஆய்வு. அதில் நோய் கட்டுக்குள் இருந்த காலம் ஓசிமெர்டினிப்பில் 18.9 மாதங்கள், பழைய மாத்திரைகளில் 10.2; உயிர்வாழ்ந்த காலம் முறையே 38.6 மாதங்கள், 31.8 மாதங்கள். நோயாளிகளில் பத்தில் எட்டுப் பேருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. இந்த மாதக் கணக்குகளை உங்கள் தாயாருக்கு விதிக்கப்பட்ட கெடுவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இடைநிலைக் காலம் என்பது, பாதிப் பேர் அதற்கு முன்னும் பாதிப் பேர் அதற்குப் பின்னும் அந்தக் கட்டத்தை அடைந்தார்கள் என்பதை மட்டுமே சொல்கிறது. ஒரு குறிப்பிட்ட நோயாளி எந்தப் பாதியில் இருப்பார் என்பதைத் தொடக்கத்தில் எவராலும் சொல்ல முடியாது. பொதுவாக எக்ஸான் 19 டெலிஷன் உள்ளவர்களுக்கு எல்858ஆர் என்ற மற்றொரு ஈஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ளவர்களைவிடச் சற்று நீண்ட காலம் மாத்திரை வேலை செய்கிறது. டிபி53 என்ற மரபணுவிலும் மாற்றம் சேர்ந்திருந்தாலோ, கல்லீரலுக்கோ மூளைக்கோ நோய் பரவியிருந்தாலோ காலம் குறையக்கூடும். ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும்: பரவிய நிலையில் இந்த மாத்திரை நோயைக் கட்டுப்படுத்துகிறது, முற்றாக நீக்குவதில்லை.

மாத்திரையா கீமோதெரபியா என்ற கேள்வி இவ்வாறு தீர்ந்துவிட்டது. மாத்திரை மட்டுமா, மாத்திரையோடு வேறு ஏதேனுமா என்ற கேள்வி தீரவில்லை. உங்கள் மருத்துவரிடம் நீங்கள் உண்மையில் பேசவேண்டியது அதைத்தான். ஃப்ளாரா2 என்ற ஆய்வில் ஓசிமெர்டினிப்போடு பெமெட்ரெக்ஸட், பிளாட்டினம் ஆகிய கீமோதெரபி மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது, நோய் கட்டுக்குள் இருந்த காலம் 16.7 மாதங்களிலிருந்து 25.5 மாதங்களாக நீண்டது. 2025இல் வெளியான இறுதி முடிவின்படி, உயிர்வாழ்ந்த காலமும் 37.6 மாதங்களிலிருந்து 47.5 மாதங்களாகக் கூடியது. மாரிபோசா என்ற மற்றோர் ஆய்வில், ஊசியாகச் செலுத்தும் அமிவன்டமாபும் லாசெர்டினிப் மாத்திரையும் சேர்ந்து, தனி ஓசிமெர்டினிப்பைவிட இறப்பு அபாயத்தைக் கால்பங்கு குறைத்தன. இரண்டுமே சிறிய ஆதாயங்கள் அல்ல. ஆனால் விலையும் உண்டு. ஃப்ளாரா2இல் கடுமையான பக்கவிளைவுகள் கூட்டுச் சிகிச்சையில் 64 சதவீதத்தினருக்கும், மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 27 சதவீதத்தினருக்கும் ஏற்பட்டன. அமிவன்டமாப் கூட்டிலோ தோல் தடிப்பு, நகக்கண் புண், இரத்த நாளங்களில் உறைகட்டி, முதல் ஊசியின்போது ஒவ்வாமை போன்ற எதிர்வினை ஆகியவை அதிகம். மருத்துவமனைக்கு அடிக்கடி வரவேண்டியும் இருக்கும்.

யாருக்குக் கூட்டுச் சிகிச்சை கட்டாயம் வேண்டும், யாருக்கு மாத்திரை மட்டும் போதும் என்பதைத் தெளிவாகப் பிரிக்கும் அளவுகோல் இன்னும் கிடைக்கவில்லை. என் நடைமுறையைச் சொல்வதானால், மூளையில் பரவல் இருப்பவர்கள், நோயின் சுமை அதிகம் உள்ளவர்கள், டிபி53 மாற்றமும் சேர்ந்திருப்பவர்கள், அதே நேரத்தில் நடமாட்டத்தோடு தெம்பாக இருப்பவர்கள் ஆகியோரிடம் கூட்டுச் சிகிச்சையைப் பற்றி நான் விரிவாகப் பேசுகிறேன். வயது முதிர்ந்தவர், சிறுநீரகமோ இதயமோ பலவீனமானவர், ஊசிச் சிகிச்சையின் அலைச்சலைத் தாங்கமுடியாதவர் ஆகியோருக்கு மாத்திரை மட்டும் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. இது என் கருத்து. அனுபவமுள்ள இன்னொரு மருத்துவர் வேறு இடத்தில் கோடு கிழிக்கலாம், அது தவறாகாது. ஆகவே ‘ஏன் கீமோ தரவில்லை’ என்று குறையாகக் கேட்பதைவிட, ‘மாத்திரையோடு கீமோவைச் சேர்ப்பதை யோசித்தீர்களா, அம்மாவுக்கு அது வேண்டாம் என்று முடிவெடுக்க எது காரணம்’ என்று கேளுங்கள். பதில் தெளிவாக இருக்கும்.

உங்கள் உறவினரின் வாதத்துக்கு வருகிறேன். பிடி-எல்1 அளவு 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இம்யூனோதெரபி நன்றாக வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் அதை நிறுவிய பெரிய ஆய்வுகள், ஈஜிஎஃப்ஆர் மரபணுவிலோ ஏஎல்கே என்ற மற்றொரு மரபணுவிலோ மாற்றம் உள்ளவர்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. அந்த எண்ணை உங்கள் தாயாருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஈஜிஎஃப்ஆர் மாற்றமும் பிடி-எல்1 வெளிப்பாடும் சேர்ந்து இருந்தவர்களுக்கு, மாத்திரைக்கு முன்பாகவே பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஒரு சிறு ஆய்வு, 11 பேரோடு நிறுத்தப்பட்டது. ஒரே ஒருவருக்குத்தான் கட்டி சுருங்கியது. மறுபரிசோதனையில், அவருக்கு ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருப்பதாகச் சொன்ன பழைய அறிக்கையே பிழையானது என்று தெரியவந்தது. பயனின்மையோடு இது முடிவதில்லை. இம்யூனோதெரபி மருந்து உடலில் பல வாரங்கள் தங்கிச் செயல்படும். அதற்குப் பின் விரைவிலேயே ஓசிமெர்டினிப் தொடங்கினால் நுரையீரல் அழற்சி போன்ற கடுமையான விளைவுகள் கூடுகின்றன என்பது பதிவாகியிருக்கிறது. முதலில் ஓசிமெர்டினிப், பிறகு இம்யூனோதெரபி என்ற வரிசையில் அந்த ஆபத்து அப்படித் தெரியவில்லை. மரபணு அறிக்கை வரும்வரை பொறுத்திருக்கச் சொல்வதன் காரணம் இதுவே. மூச்சுத்திணறல் போன்றவற்றால் காத்திருக்க முடியாத நிலை வந்தால், இம்யூனோதெரபியைத் தவிர்த்துக் கீமோதெரபியை மட்டும் தொடங்கிவிட்டு, அறிக்கை வந்ததும் மாற்றிக்கொள்வது வழக்கம்.

இதே பதிலை வேறு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பவர்களும் இருப்பார்கள் என்பதால், ‘மாற்றம் உள்ளது’ என்ற ஒரு வரி போதாது, எந்த மாற்றம் என்பதே முழுவதையும் தீர்மானிக்கிறது என்று சொல்லவேண்டியிருக்கிறது. அதே ஈஜிஎஃப்ஆர் மரபணுவில் எக்ஸான் 20இல் ஒரு துண்டு நுழைந்திருந்தால், வழக்கமான மாத்திரைகள் பெரும்பாலும் பயன்படுவதில்லை. அங்கே அமிவன்டமாபும் கீமோதெரபியும் சேர்ந்ததுதான் முதல் சிகிச்சையாக நிறுவப்பட்டிருக்கிறது. ஏஎல்கே இணைவு (அந்த மரபணு வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொள்வது) உள்ளவர்களின் நிலை மிகவும் நம்பிக்கையளிப்பது: கிரவுன் ஆய்வில் லார்லாடினிப் எடுத்தவர்களில் 60 சதவீதத்தினருக்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் நோய் முன்னேறாமல் இருந்தது, பழைய கிரிசோடினிப்பில் அது 8 சதவீதம். பரவிய நுரையீரல் புற்றுநோயில் இப்படியொரு எண்ணைக் காண்போம் என்று நான் படித்த காலத்தில் யாரும் நினைத்ததில்லை. (லார்லாடினிப் கொழுப்பை ஏற்றும், எடை கூட்டும், சிலருக்கு மனநிலையைக் குலைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.) ஆர்ஓஎஸ்1, ஆர்இடி, என்டிஆர்கே இணைவுகள், எம்இடி எக்ஸான் 14 மாற்றம், பிராஃப் வி600ஈ, ஹெர்2 ஆகியவை ஒவ்வொன்றும் சிறு விழுக்காட்டினருக்கே இருந்தாலும், ஒவ்வொன்றுக்கும் தனி மருந்து உண்டு. மறுபக்கம் கேராஸ் மரபணுவில் வரும் ஜி12சி என்ற மாற்றம். பல பத்தாண்டுகள் மருந்தே செய்ய முடியாது என்று கைவிடப்பட்டிருந்த அந்த இலக்குக்கு 2021இல் சோடோராசிப் அங்கீகாரம் பெற்றது. ஆனால் ஏற்கெனவே சிகிச்சை பெற்றவர்களிடம் டோசிடாக்செல் கீமோதெரபியோடு ஒப்பிட்டபோது, நோய் கட்டுக்குள் இருந்த காலம் 4.5 மாதங்களிலிருந்து 5.6 மாதங்களாக மட்டுமே கூடியது. உயிர்வாழும் காலத்தில் வேறுபாடு தெரியவில்லை. இலக்கு சிகிச்சை என்ற ஒரே பெயரின் கீழ் இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருக்கிறது. ஒருவரின் அனுபவத்தை இன்னொருவருக்குப் பொருத்திப் பார்ப்பதில் பயனில்லை.

உங்கள் தாயாருக்கு ஒரு கட்டத்தில் மாத்திரை வேலை செய்யாமல் போகும் என்று எதிர்பார்த்தே திட்டமிடவேண்டும். அப்போது என்ன நடந்தது என்பதை அறியாமல் அடுத்த மருந்துக்குத் தாவுவதுதான் நான் அதிகம் காணும் பிழை. ஓசிமெர்டினிப் பிணையும் இடத்திலேயே சி797எஸ் என்ற புதிய மாற்றம் தோன்றியிருக்கலாம். எம்இடி என்ற மற்றொரு மரபணு பல மடங்காகப் பெருகி, மாற்றுவழியில் சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கலாம். சிலருக்கு, எண்ணிக்கையில் குறைவென்றாலும், அடினோகார்சினோமாவே சிற்றணுப் புற்றுநோய் என்ற வேறு வகையாக உருமாறிவிடும். மூன்றுக்கும் சிகிச்சை வெவ்வேறு. இரத்தத்தில் செய்யும் லிக்விட் பயாப்ஸி எளிது, அதில் ஒரு மாற்றம் தென்பட்டால் நம்பலாம். எதுவும் தென்படவில்லை என்றால், அது இல்லை என்று பொருளாகாது, ஏனெனில் கட்டி போதுமான டிஎன்ஏவை இரத்தத்தில் கசியவிடாமலும் இருக்கலாம். உருமாற்றத்தை அறிய எப்படியும் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாகவேண்டும். இன்னொன்று, ஸ்கேனில் ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் வளர்ச்சி தெரிந்தால், அந்த இடங்களுக்குக் கதிர்வீச்சு கொடுத்துவிட்டு மாத்திரையையே தொடர்வது பலருக்குப் பொருந்தும். மருத்துவர் சொல்லாமல் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தும்போது அடங்கியிருந்த நோய் வேகமெடுப்பது உண்டு.

பக்கவிளைவுகளைப் பொறுத்தவரை வயிற்றுப்போக்கு, தோல் வறட்சி, தடிப்பு, நகக்கண் வீக்கம் ஆகியவை பொதுவானவை. மருந்தின் அளவைச் சரிசெய்தோ சில நாட்கள் இடைவெளி விட்டோ சமாளிக்கலாம். இதயத்துடிப்பின் மின்னோட்டத்தையும் இதயத்தின் சுருங்கு திறனையும் இது பாதிக்கக்கூடும் என்பதால் தொடக்கத்திலேயே இசிஜியும் எக்கோவும் எடுத்துவைப்பது நல்லது. வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை ஓசிமெர்டினிப்பின் அளவை இரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும். தாயார் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், மூலிகைத் தயாரிப்புகள் உட்பட, மருத்துவரிடம் எழுதிக் கொடுங்கள். நூற்றில் மூன்று நான்கு பேருக்கு வரும் நுரையீரல் அழற்சி மட்டும் அவசரமானது: புதிதாக மூச்சுத்திணறலோ வறட்டு இருமலோ காய்ச்சலோ தொடங்கினால், அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனையைத் தொடர்புகொள்ளவேண்டும்.

உங்களையும் உங்கள் தங்கையையும் பற்றிய கேள்வி எஞ்சியிருக்கிறது. தாயாரிடம் கண்டறியப்பட்ட எக்ஸான் 19 டெலிஷன், அவருடைய வாழ்நாளில் நுரையீரலின் ஓர் உயிரணுவில் தோன்றியது. பிறவியிலேயே உடல் முழுவதும் இருந்து, கருமுட்டை வழியாகப் பிள்ளைகளுக்கு வந்தது அல்ல. எனவே உங்கள் இருவருக்கும் ஈஜிஎஃப்ஆர் பரிசோதனை செய்வதில் பொருளில்லை. சிகிச்சையே தொடங்காத நிலையில் அறிக்கையில் டி790எம் என்ற மாற்றமும் காணப்பட்டால் மட்டும் கதை வேறு. அது அரிதாகப் பரம்பரையாக வருவதுண்டு, அப்போது மரபியல் ஆலோசகரைப் பார்க்கவேண்டும். நீங்கள் எழுதியதில் அது இல்லை, ஆயினும் அறிக்கையை ஒருமுறை சரிபாருங்கள். பெற்றோருக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களுக்கு, புகைபிடிக்காவிட்டாலும், ஆபத்து சற்றே கூடுதல் என்பதும் உண்மை. தைவான் 2022இல் தொடங்கிய தேசியப் பரிசோதனைத் திட்டத்தில், குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் அளிக்கிறது. பெரும்பாலான நாடுகளின் வழிகாட்டுதல்கள் அதை நீண்டகாலம் புகைபிடித்தவர்களுக்கு மட்டுமே பரிந்துரைக்கின்றன. காரணம், புகைபிடிக்காதவர்களிடம் இப்படித் தேடும்போது, ஒருநாளும் தொல்லை தந்திராத சிறு கட்டிகளும் அகப்பட்டுத் தேவையற்ற அறுவைக்கு வழிவகுக்கலாம் என்ற ஐயம் இன்னும் தீரவில்லை. எனவே அறிகுறி எதுவும் இல்லாத நிலையில் நீங்களாகவே போய் ஸ்கேன் எடுக்காமல், உங்கள் வயதையும் குடும்பத்தில் எத்தனை பேருக்கு இந்நோய் வந்தது என்பதையும் சொல்லி, நுரையீரல் மருத்துவர் ஒருவரிடம் கேட்டு முடிவெடுங்கள்.